இத்தாலிப் பாட்டுக்காரனும் எங்கள் மச்சானும்

கெசட்டுக்குள் நாடா சிக்கினால் அதன் பல்லுக்குள் பேனையை விட்டுச் சுற்றத் தெரிந்தவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வயதைக் குறைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டிலும் பூப்போட்ட துணியால் மூடிய டேப் ரெக்கோடர் ஒன்று இருந்தது, எனக்குத் தெரியும். இன்றைக்குக் கட்டாருக்குப் போன பிள்ளை சாப்பிடும்போதும் முகம் காட்டுகிறான், படுக்கும்போதும் முகம் காட்டுகிறான், பார்த்துப் பார்த்து நமக்கே அலுத்துவிடுகிறது. அன்றைக்கு ஒருவருடைய குரல் கல்முனைக்கு வந்து சேர வேண்டுமென்றால், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொருவர் லீவில் வர வேண்டும்.

நான் சொல்லப்போவது ஓர் இத்தாலிப் பாட்டுக்காரனின் சரித்திரம். சிரிக்க வேண்டாம். அவன் பிறந்தது, வளர்ந்தது, காதலித்தது, பேரெடுத்தது எல்லாவற்றையும் கிடுகு வேலிக்குள் இருந்தபடி தவணை தவணையாகக் கேட்டு வளர்ந்தவள் நான். அவனுடைய பேர் மட்டும் எங்கள் யாருடைய நாக்கிலும் சரியாக நிற்கவில்லை. அதனால் அவன் எங்களுக்குப் பாட்டுக்காரன்தான்.

சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன அடுத்த வருசம் என் அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, கலியாணம் நடந்தது. மச்சான் அட்டாளைச்சேனை ஆள், கரைவலைக் குடும்பம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவர். வந்து சேர்ந்த மச்சான் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் பாதியில் தறப்பாள், மீதியில் வானம். ராத்தாவின் கையில் மருதோண்டிச் சிவப்பு மங்கி முடிவதற்குள் அவர் சவூதிக்கு ஏறிவிட்டார். அங்கே பாலைவனத்துக்குள் ஓர் இத்தாலிக் கம்பனி தெருப் போட்டுக்கொண்டிருந்தது.

கெசட் வந்தால் அது குடும்பத்துச் சொத்து. கைலேஞ்சித் துணியில் சுற்றி, அத்தர் மணக்க வரும். அசர் தொழுதுவிட்டு வாப்பா விறாந்தைக் கதிரையில் இருப்பார், உம்மா பாயில் இருப்பா, ராத்தா அறைவாசல் திரைக்குப் பக்கத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்பா. பொத்தான் அமத்துவது என் வேலை. அந்தப் பெட்டியைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்பது உம்மாவின் பயம். எங்கள் வீட்டில் கரண்டே இல்லை, அது பெட்டரியில் ஓடுகிறது என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் உம்மா கேட்கமாட்டா.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா, மாமி. நான் அல்லாட ஒதவியால நல்ல சொகமா இரிக்கன். ஒங்கட மகளும் சொகமா இரிப்பாண்டு நம்புறன்."

ஒங்கட மகள் என்றது தன்னுடைய பெண்சாதியை. மாமனும் மாமியும் கேட்டுக்கொண்டிருக்க, அந்த மனிதர் வேறு எப்படிச் சொல்லுவார்?

குரலை மட்டுமல்ல, குரலைச் சுற்றி இருந்த சத்தங்களையும் நாங்கள் விடமாட்டோம். தட்டு விழுந்த சத்தம், பாங்குச் சத்தம், யாரோ ஒருவர் தொண்டையைச் செருமுவது. "இருமுறது ஆரு? அந்த மருதமுனைப் பொடியன்தானே, நெஞ்சுச்சளி இன்னும் மாறல்ல" என்று உம்மா கவலைப்படுவா. அப்படிக் கேட்டுக் கேட்டே மச்சான் படுக்கிற கொட்டில் எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது. கெசட்டில் எது கேட்டாலும் அது அந்தக் கொட்டிலுக்குள் இருப்பது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதனால்தான் வீடு ரெண்டுபட்டது.

வெற்றுக் கெசட் வாங்கக் காசை வீணாக்காமல், இத்தாலிக்காரப் போர்மன் கேட்டுத் தேய்ந்த பழைய பாட்டுக் கெசட்டுகளை மச்சான் வாங்கிக்கொள்வார். கெசட்டின் முதுகில் இருக்கும் ஓட்டைகளில் கடதாசியை அடைத்து, பாட்டின் மேலேயே தன் குரலைப் பதிவார். அவர் பேசி முடிக்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே பாட்டுக்காரன் பாதிப் பாட்டில் எழும்பி வருவான். கரகரத்த குரல். ஒரு சொல்லைப் பிடித்தால் விடமாட்டான், இழுத்து இழுத்து, கடைசியில் மூச்சு உடைவதுகூடக் கேட்கும். வாப்பா கையைக் காட்டுவார், நான் நிற்பாட்டிவிடுவேன். உறையில் அவனுடைய படமும் இருந்தது. காதை மூடிய முடி, நெஞ்சுவரை திறந்த சட்டை, பாதி மூடிய கண்.

"இவனுக்கு என்ன வயித்து வலியா?" என்றார் வாப்பா.

உம்மா படத்தைக் குப்புறத் திருப்பி வைத்தா.

சலாம், சுகம், வெயில், வேலை எல்லாம் சொன்ன பிறகும் நாடா மிச்சம் இருக்கும். "சும்மா விடக்கூடா மாமா. எங்கட போர்மன்ட பாட்டுக்காரன்ட கதையக் கொஞ்சம் சொல்றன்" என்று ஒருநாள் தொடங்கினார். அந்தக் கெசட்டில் பாட்டுக்காரன் பிறந்தான். கடற்கரை ஊராம். தகப்பன் வலை இழுக்கிறவராம். மகனும் விடியக் காலையில் கூடப் போய் வலை இழுக்கும் அம்பாப் பாட்டுப் பாடுவானாம், அவன் பாடினால் வலை பாரமில்லாமல் வருமாம்.

"இத்தாலியிலயும் அம்பா பாடுறானுகளா?" என்று வாப்பா ஆச்சரியப்பட்டார்.

அடுத்த கெசட்டில் பாட்டுக்காரனுக்கு மீசை முளைத்துவிட்டது. கலியாண வீடுகளில் சோற்றுக்குப் பாடித் திரிந்தான். அப்படி ஒரு வீட்டில், சன்னலுக்கு உள்ளே நின்ற ஒரு பெண்ணைக் கண்டான். அன்றைக்குப் பாடிய பாட்டு முழுக்க அந்தச் சன்னலுக்குத்தானாம். பெண்ணின் தகப்பன் அவனைக் கூப்பிட்டு, "பாட்டு நல்லாத்தான் இரிக்கி, கூரைக்கு என்ன வழி?" என்று கேட்டாராம்.

"அந்த மனிசன் சரியாத்தான் கேட்டிரிக்காரு" என்றார் எங்கள் வாப்பா.

திரைப்பக்கம் பார்த்தேன். ராத்தா முந்தானை நுனியை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தா, விரல் வெளுத்துப்போயிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை. வாப்பாவின் வயதுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கெசட் வந்த கிழமைகளில் ராத்தா ஓரிடத்தில் இருக்கமாட்டா. கிணற்றடிக்குப் போவா, வாளியை எடுக்காமல் திரும்பி வருவா. கூட்டிய முத்தத்தையே மறுபடியும் கூட்டுவா. மீன் ஆணத்துக்கு ரெண்டு தரம் உப்பு விழும். உம்மா லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அறைக்குள் போய், டேப் ரெக்கோடரின் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, காதை அதிலேயே ஒட்டிக்கொண்டு கிடப்பா. மச்சான் பேச்சு முடிந்த பிறகு வருகிற பாட்டையும் கடைசிவரை கேட்பா. நான் கண்டும் காணாத மாதிரி, செத்துப்போன பெட்டரிகளைக் கிணற்றுக் கட்டின் மேல் வெயிலுக்குக் காயவைப்பேன். காய்ந்தால் அவை இன்னும் கொஞ்சம் உயிர் பிடிக்கும். உம்மா பெட்டரி விற்ற கடைக்காரனைத் திட்டித் தீர்ப்பா.

பதில் அனுப்புவது பெரிய சடங்கு. சிவப்புப் பொத்தானை நான் அமத்தியதும் வாப்பா சலாம் சொல்லி, அதே மூச்சில் தேவைக்கு வந்துவிடுவார். மருமகன், ஓடு வாங்க வேண்டும். மருமகன், மரம் விலை ஏறிவிட்டது. உம்மா அவருக்குப் பக்கத்தில் குனிந்து, எதையாவது விட்டுவிட்டாரா என்று ஞாபகப்படுத்துவா. கடைசியில் ராத்தாவின் முறை. எல்லாரும் ராத்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"நான் சொகம். நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க."

"நல்லாக் கதையன் புள்ள, நாடா சுத்துது" என்று உம்மா அவசரப்படுத்துவா. ராத்தாவின் முகம் சிவந்துபோகும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மூன்றாவது கெசட்டில் பாட்டுக்காரன் பெரிய பாட்டுப் போட்டியில் முதலாவதாக வந்தான். கோட்டு, கார், கப்பல், தேசம் தேசமாகப் பயணம். போன இடமெல்லாம் காதல் பாட்டுத்தான் கேட்டார்கள். மேடையில் நின்று ஊர்ப்பட்ட சனத்துக்குக் காதல் பாடுவான், பாடிவிட்டு அறைக்குப் போனால் கதைக்க ஒரு சீவன் இல்லை. பெண்சாதி ஊரில். கிடைப்பதையெல்லாம் வீட்டுக்கு அனுப்புவான். மாமனார் ஒரு மாடி கட்டினார். பிறகு அதற்கு மேல் இன்னொரு மாடி கட்டினார். வீடு உயர உயர, தான் அதைவிட்டுத் தூரப் போகிற மாதிரி அவனுக்கு இருந்ததாம்.

"ரெண்டு மாடியா!" உம்மா நெஞ்சில் கை வைத்தா. "மருமகனெண்டா அவன்தான் மருமகன்."

அந்தக் கெசட்டுக்குப் போன பதிலில் வாப்பா புதிதாக ஒன்றைச் சேர்த்தார். வளவின் தெற்குப் பக்கத்தில் சின்ன மகளுக்கும் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டால் நல்லது என்றார். சின்ன மகள் நான்தான். கொக்கான் வெட்டி விளையாடிக்கொண்டிருந்த எனக்கு, எங்கோ பிறந்திருக்கும் ஒரு மாப்பிள்ளைக்காக, மச்சானின் வியர்வையில் சுவர் எழுப்பப் பார்த்தார்கள். இன்று நினைத்தால் கோபம் வருகிறது. அன்று பெருமையாக இருந்தது.

பிறகு வெகுநாளாகக் கெசட் வரவில்லை. வாப்பா வட்டைக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்ததும் முதலில் கேட்பது "ஆரும் வந்தயா?" என்றுதான். அந்த இத்தாலிக் கம்பனி மூடப்போகிறது என்று பஜாரில் யாரோ சொன்னார்கள். இல்லை, ஆட்களை வேறு தேசத்துக்கு ஏற்றுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். ராத்தா கேற்றடிக்கும் குசினிக்கும் நடந்தா. எனக்குக் கவலை வேறு: பாட்டுக்காரன் என்ன ஆனான்?

கடைசியில் அந்த இருமல்காரப் பொடியனே லீவில் வந்து கெசட்டைத் தந்துவிட்டுப் போனான். மச்சானின் குரல் களைத்திருந்தது. சலாம் சொன்னார், சுகம் கேட்டார், ஓட்டைப் பற்றியோ அத்திவாரத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லாமல் நேரே பாட்டுக்காரனிடம் போய்விட்டார். ஒருநாள் பெரிய மேடையில் பாடிக்கொண்டிருந்தவன் பாட்டை அரைவாசியில் நிற்பாட்டினானாம். சனம் கூக்குரல் போட்டதாம். அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, உடுத்த உடுப்போடு ரயில் கோச்சி ஏறி ஊருக்குப் போய்விட்டானாம். கையில் ஒன்றுமில்லை. ஊர்ச்சனம் அவனைக் கண்டு, புத்தி கெட்ட பேயன் வந்துவிட்டான் என்று சிரித்ததாம்.

"ஆனா அவரு திரும்பிப் பாக்கல்ல மாமா. நேர ஊட்ட போய்க் கதவத் தட்டினாராம். தட்டினா, உள்ளுக்கிரிந்து…"

டக்.

ஒரு பெண் சிரித்தாள். வாய்க்குப் பக்கத்தில் மைக்கை வைத்துச் சிரித்த மாதிரி அவ்வளவு கிட்டக் கேட்டது. அதன் பிறகு நாடா வெறுமனே இரைந்து நின்றுவிட்டது. பாட்டு ஒன்றும் வரவில்லை.

உம்மா முதலில் எழும்பினா. "யா அல்லாஹ், அது ஆருடைய சிரிப்பு?"

வாப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கொட்டிலுக்குள் பெண். காசு பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்வளவு நாள் கெசட் வராததன் காரணமும் இதுதான். கணக்குச் சரியாக வந்துவிட்டது. அன்று முழுக்க வாப்பா முத்தத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கலியாண வழக்குக் கேட்கும் காதியாரிடம் போய் விவாகப் பிரிவினைக்கு எழுதிக்கொடுப்பது என்று முடிவெடுத்தார். ராத்தாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு முதல் மரைக்காருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. கலியாணம் பேசினாலும் பிரித்தாலும் அவர் காதில் போடாமல் நடக்காது. அடுத்த நாள் அசருக்குப் பிறகு எங்கள் குடி மரைக்கார் வந்து வாப்பாவின் கதிரையில் இருந்தார். உம்மா வெற்றிலைத் தட்டை வைத்தா. என்னை அந்தச் சிரிப்பை மட்டும் போடச் சொன்னார்கள். போட்டேன். மரைக்கார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பொம்புளதான்" என்றார். "சந்தேகமில்ல."

அப்போதுதான் ராத்தா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தா. மரைக்காருக்கு முன்னால், முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வந்து, என்னை ஒதுக்கிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் இருந்தா. கையில் மூன்றாவது கெசட். போட்டு, மச்சான் பேசிய இடத்தையெல்லாம் கடத்தி, டக் சத்தத்துக்குப் பிறகு வரும் பாட்டை ஓடவிட்டா. வாப்பா கை காட்டினார். ராத்தா பார்க்கவில்லை. பாட்டுக்காரன் பாடினான். நடுவில் ஒரு பெண்ணும் சேர்ந்து பாடினாள். பாட்டு இறங்கி இறங்கி முடிந்ததும் அந்தப் பெண் சிரித்தாள். உடனே கெசட்டை மாற்றிப் புதியதைப் போட்டா. அதே சிரிப்பு. சிரிப்புக்கு முன் எடுக்கும் அந்தச் சின்ன மூச்சுக்கூட அதே மாதிரி.

"இன்னொருக்காப் போடு மகள்" என்றார் மரைக்கார். ராத்தா ரெண்டையும் மறுபடி போட்டா. மரைக்கார் வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "எந்தப் பொம்புளையும் ரெண்டு தரம் ஒரே மாதிரிச் சிரிக்கமாட்டா. இது பாட்டுல உள்ள சிரிப்பு தம்பி. ரெண்டு கெசட்டுலயும் ஒரே பாட்டு, இதுல மருமகன்ட பேச்சு பாட்ட மூடிட்டு, சிரிப்பு மட்டும் மிஞ்சிட்டு. மருமகன்ட கொட்டிலுக்குள்ள ஆருமில்ல."

வாப்பாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் தோற்றவர்களுக்கு முதலில் வருவது கோபம்தானே. "அப்ப நீ இதெல்லாம் தனியாக் கேட்டிரிக்காய்" என்றார்.

"ஓம் வாப்பா, கேட்ட. கேட்டபடியாத்தான் அவரு என்ன சொல்றாரெண்டு எனக்கு வெளங்கின."

"என்ன சொல்றான்? எவனோ பாட்டுக்காரன்ட கத சொல்றான்."

"ஊட்ட வரட்டா எண்டு கேக்காரு வாப்பா." ராத்தா கெசட் உறையை வாப்பாவின் பக்கம் நகர்த்தினா. "நாலு கெசட்டா அதத்தான் கேக்காரு. நீங்க ஓடு கேட்டீங்க, மரம் கேட்டீங்க, தங்கச்சிக்கு அத்திவாரம் கேட்டீங்க. எப்ப வாறீங்கண்டு இந்த ஊட்டுல ஆராவது கேட்டயா? நானும் கேக்கல்ல. நீங்கல்லாம் என்ட வாயப் பாத்துக்கிட்டிருந்தா நான் எப்படிக் கேக்கிற?"

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டா. மரைக்கார் மெதுவாக எழும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "இனி எனக்கு இதுல வேலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். வாப்பா அந்தக் கதிரையில் இருக்கவில்லை. கீழே பாயில் இருந்தார்.

பிறகு என்னைப் பார்த்து, சிவப்புப் பொத்தானை அமத்தச் சொன்னார். "அஸ்ஸலாமு அலைக்கும் மருமகன்" என்றார். வழக்கமாக அதே மூச்சில் வருவது அன்றைக்கு வரவில்லை. நாடா சுற்றியது. வாப்பா மைக்கைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார். எழும்பி, உம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினார். "வாங்க, எல்லாரும் முத்தத்துக்கு வாங்க. அவ கதைக்கட்டும்."

கதவை அவரே சாத்தினார். நாங்கள் தென்னையடியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். உள்ளே ராத்தாவின் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது, சொல் பிடிபடவில்லை. உம்மா காதைத் தீட்டிக்கொண்டு ரெண்டடி நகர்ந்தா. "கேக்காத" என்றார் வாப்பா. ஒருமுறை அழுகிற சத்தம். ஒருமுறை ஏசுகிற சத்தம். ராத்தாவுக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எங்களுக்குத் தெரியாது. அந்தக் கெசட்டை யாரும் போட்டுக் கேட்கவில்லை. வாப்பா அதைக் கைலேஞ்சியில் சுற்றி, இருமல்காரப் பொடியனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மச்சான் வந்தார். கறுத்து, மெலிந்து, ஒரே ஒரு பெட்டியோடு. ராத்தாவுக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு பென்சில் பெட்டி, வேறு பெரிதாக ஒன்றுமில்லை. நான் அவரை மூச்சுவிட விடவில்லை. பாட்டுக்காரன் கதவைத் தட்டினானே, பிறகு?

மச்சான் சிரித்துவிட்டார். "எனக்கெங்க மச்சி தெரியும்? போர்மனுக்கு நம்மட பாஷ தெரியா, எனக்கு அவன்ட பாஷ தெரியா. படத்தக் காட்டி, இவன் எங்கட ஊர்க்காரனெண்டு நெஞ்சத் தட்டுவான். அவ்வளவுதான். அந்தாளு காதல் பாட்டுப் படிக்கிறாரெண்டது மட்டும் கேட்டா வெளங்கும். மத்ததெல்லாம் நான் வச்சிக் கட்டின."

அட்டாளைச்சேனைக் கரைவலையும் அம்பாவும் இத்தாலிக்குப் போன வழி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏமாந்துபோன ஆத்திரத்தில் ரெண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில், இதொன்றும் தெரியாமல், அந்த மனிதர் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்திருப்பார்.

மச்சான் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினார். ஊர் சும்மா இருக்குமா? சவூதிக்குப் போனவர்கள் கல்வீடும் மோட்டார் சைக்கிளுமாக நிற்க, இவர் பொண்டாட்டி முந்தானைக்குள் ஓடி வந்துவிட்டார் என்று சிரித்தார்கள். மச்சான் கேட்காத மாதிரிப் போவார். ராத்தா வேலியடிக்கு வருவதையே குறைத்துக்கொண்டா. ஒருநாள் காலையில் சைக்கிள் மீன்காரர் எங்கள் கேற்றடியில் நிற்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டியோடு கூடியிருந்தார்கள். மீன்காரர் தராசைத் தூக்கிப் பிடித்தபடி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "ஒங்கட சவூதி மாப்புள வெறுங்கையோட வந்துட்டாராமே?" என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா தலையைக் குனிந்தா. பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

வாப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர், வாளியை அப்படியே வைத்துவிட்டு ஈரக் காலோடு கேற்றுக்கு வந்தார்.

"ஓம், வந்துட்டாரு" என்றார். "நாங்கதான் வரச்சொன்ன."